குழந்தையைத் திருத்துவதா, சாலையைத் திருத்துவதா?

கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் நெதர்லாந்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். அங்கே கம்ப்யூட்டர் வேலை. வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்திருக்கிறான். அவனுடைய எட்டு வயது மகள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு, தனியாக, சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். செங்காவி நிறத்தில் ஒரு பாதை. அதில் சைக்கிள்கள் மட்டும். முனையில் ஒரு கார் நின்று, அவள் போகும்வரை காத்திருந்து, பிறகு நகர்கிறது. கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: "இந்த ஊர்க்காரங்க பொறக்கும்போதே இப்படித்தான் போல சார்."

வரலாறு வாத்தியாருக்கு இப்படி ஒரு வரி அனுப்பலாமா? "இல்லை தம்பி, அப்படி இல்லை" என்று பதில் எழுத ஆரம்பித்தேன். அது நீண்டுகொண்டே போய் இந்தப் பதிவாகிவிட்டது. இதை எழுத எனக்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 1971-ஆம் ஆண்டு. நெதர்லாந்தின் மக்கள்தொகை சுமார் 1 கோடியே 30 லட்சம். அன்றைய தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சின்ன நாட்டில் அந்த ஒரே ஆண்டில் சாலையில் செத்தவர்கள் 3,000க்கு மேல். அதில் 400க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். சராசரியாக நாளைக்கு ஒரு குழந்தைக்கு மேல். இன்று உலகமே வாயைப் பிளந்து பார்க்கிற சைக்கிள் நாட்டின் அன்றைய நிலைமை இதுதான்.

எப்படி வந்தது அந்த நிலைமை?

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அங்கே சைக்கிள்தான் எல்லாம். தொழிலாளி, குமாஸ்தா, வாத்தியார் எல்லோருக்கும் சைக்கிள். போர் முடிந்தது. நாடு மறுபடி எழுந்தது. 1950-களிலும் 60-களிலும் சம்பளம் உயர்ந்தது. கார் வாங்கினார்கள். கார் வைத்திருப்பவன் முன்னேறியவன், சைக்கிளில் போகிறவன் பின்தங்கியவன் என்ற எண்ணம் வந்தது. நமக்குத் தெரியாத எண்ணமா இது? 1990-களுக்குப் பிறகு நம் ஊரில் மொபெட்டும் பைக்கும் வந்தபோது நாமே பார்த்ததுதானே.

நகரங்களை யாருக்காகக் கட்டியிருந்தார்களோ, அவர்களை விட்டுவிட்டு வாகனத்துக்காகத் திருத்த ஆரம்பித்தார்கள். வீடுகளை இடித்துச் சாலையை அகலப்படுத்தினார்கள். குழந்தைகள் விளையாடிய சதுக்கங்கள் கார் நிறுத்துமிடங்கள் ஆயின. 1954-இல் ஆம்ஸ்டர்டாம் காவல்துறைத் தலைவர் காஸ்யாகர் ஒரு யோசனை சொன்னார்: ஊருக்குள் ஓடும் கால்வாய்களில் பலவற்றை மண் போட்டு மூடிச் சாலையாக்கிவிடலாம்! ஆம்ஸ்டர்டாமுக்கு அழகே அந்தக் கால்வாய்கள்தான். நல்லவேளை, மக்கள் கூச்சல் போட்டு அதைத் தடுத்தார்கள்.

1967-இல் இன்னொரு திட்டம் வந்தது. டேவிட் யோகினென் என்ற அமெரிக்கர், கார் போக்குவரத்தை ஆதரித்த ஓர் அமைப்புக்காகத் தயாரித்தது. பழைய நகரத்தைச் சுற்றி ஓடும் ஒரு கால்வாயை மூடி ஆறு வழிச் சாலை போட வேண்டும்; உழைப்பாளிகள் வசிக்கும் பழைய குடியிருப்புகளை இடித்துவிட வேண்டும். வளர்ச்சி என்ற பெயரில் எந்த நாட்டில் யார் திட்டம் போட்டாலும், இடிக்கப்படுவது எப்போதும் கூலிக்காரன் வீடாகவே இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அந்தத் திட்டமும் நிறைவேறவில்லை. ஆனால் அன்றைய காற்று எந்தப் பக்கம் வீசியது என்று புரிந்துகொள்ள இவை போதும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

விக் லாங்கன்ஹாஃப் என்று ஒரு பத்திரிகையாளர். அவருடைய மகள் 1971-இல் சாலையில் வாகனம் மோதி இறந்துபோனாள். ஆரம்பப் பள்ளி வயது. மறு ஆண்டு அவர் தன் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு: "குழந்தைக் கொலையை நிறுத்து".

அந்தத் தலைப்பை இன்னொரு முறை படியுங்கள். 'விபத்து' என்ற சொல் அதில் இல்லை. 'விதி' இல்லை. 'துரதிர்ஷ்டம்' இல்லை. கொலை என்கிறார். ஒரே மாதிரியான சாலையில், ஒரே மாதிரியான காரணத்தால், ஆண்டுக்கு 400 குழந்தைகள் செத்தால் அதை விபத்து என்று எப்படிச் சொல்வது? ஆண்டுதோறும் தவறாமல் நடப்பது எப்படித் தற்செயல் ஆகும்? இதுதான் அவர் கேள்வி.

அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. அதன் முதல் தலைவி மார்ட்யே வான் புட்டன் என்ற இளம் பெண். பின்னாளில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் ஆனவர். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கல்லெறியவில்லை. ஒரு தெருவின் இரண்டு முனைகளையும் அடைத்து, நடுத்தெருவில் மேசை போட்டு, எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குழந்தைகளை விளையாட விட்டார்கள். கார் இல்லாவிட்டால் தெரு எப்படி இருக்கும் என்று கண்ணால் காட்டினார்கள். ஒருநாள் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு பிரதமர் யோப் டென் அய்ல் வீட்டுக்கே போய், வாசலில் நின்று பாட்டுப் பாடி, குழந்தைகளுக்குப் பாதுகாப்பான தெரு வேண்டும் என்று கேட்டார்கள். அவர் வெளியே வந்து கேட்டுக்கொண்டார்.

பெரியவர்கள் மட்டுமல்ல. ஆம்ஸ்டர்டாமில் டி பைப் என்று ஒரு பகுதி. நெருக்கமான வீடுகள், குறுகலான தெருக்கள். இரு பக்கமும் கார் நிறுத்திவிட்டால் பிள்ளைகளுக்குக் கால் வைக்க இடமில்லை. 1972-இல் அந்தப் பகுதிப் பிள்ளைகளே வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். தாங்களே தெருவை மறித்து விளையாடினார்கள். கார்க்காரர்களோடு வாக்குவாதம், தள்ளுமுள்ளு. தொலைக்காட்சிக்காரர்கள் அதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். நம் பத்து வயதுப் பிள்ளைகள் போய்க் கையெழுத்துக் கேட்டால் "போய்ப் படிக்கிற வேலையைப் பாரு" என்போம். அங்கேயும் பலர் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். பிள்ளைகள் விடவில்லை.

அடுத்து, யாரும் எதிர்பாராத ஒரு திருப்பம். 1973 அக்டோபரில் மேற்காசியாவில் போர். இஸ்ரேலை ஆதரித்ததால் நெதர்லாந்துக்கு எண்ணெய் தர மாட்டோம் என்று அரபு நாடுகள் அறிவித்தன. அரசு ஒரு முடிவு எடுத்தது: ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக்கூடாது. 1973 நவம்பர் 4 முதல் அடுத்த ஆண்டு ஜனவரி தொடக்கம் வரை இது நீடித்தது. நெடுஞ்சாலைகளில் மக்கள் நடந்தார்கள், சைக்கிள் ஓட்டினார்கள், சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு சறுக்கினார்கள். சிலர் குதிரை வண்டி பூட்டினார்கள். அதுவரை இயக்கத்தார் ஒரு தெருவில் காட்டியதை, நாடு முழுவதும் ஒரே நேரத்தில் பார்த்தது. கொரோனா ஊரடங்கின்போது நம் தெருக்களில் திடீரென்று குருவிச் சத்தம் கேட்டதே, நினைவிருக்கிறதா? அந்த மாதிரி.

இயக்கம், எண்ணெய்த் தட்டுப்பாடு, இரண்டும் சேர்ந்தன. 1975-இல் சைக்கிள் ஓட்டிகளுக்கென்று ஒரு சங்கம் பிறந்தது. அதே ஆண்டு மார்ச்சில் ஆம்ஸ்டர்டாமின் நியூமார்க்ட் பகுதியில் மெட்ரோவுக்காக வீடுகளை இடித்தபோது பெரிய கலவரமே நடந்தது. மெட்ரோ நிற்கவில்லை, வந்துவிட்டது. ஆனால் அதன் மேலே அதே பகுதி வழியாகப் போடவிருந்த அகலச் சாலையைக் கைவிட்டார்கள். பழைய தெரு அமைப்பிலேயே வீடுகளைத் திரும்பக் கட்டினார்கள்.

டெல்ஃப்ட் என்ற ஊரில் வேறொரு யோசனை முளைத்திருந்தது. தெருவைச் சாலையாக நினைக்காமல் வீட்டு முற்றமாக நினைத்தால் என்ன? நேர்சாலையை வளைத்து, நடுவே மரம் நட்டு, பெஞ்சு போட்டார்கள். கார் வரலாம், ஆனால் விருந்தாளி மாதிரி, மெதுவாக. 1976-இல் இதற்குச் சட்ட அங்கீகாரமே கிடைத்தது. அந்தத் தெருக்களில் வண்டி, மனிதன் நடக்கும் வேகத்தில்தான் போக வேண்டும். குழந்தைகள் நடுத்தெருவில் விளையாடலாம். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வோன்எர்ஃப்'. குடியிருப்பு முற்றம் என்று பொருள். மார்கழியில் வாசலை அடைத்துக் கோலம் போட்டு வளர்ந்த நமக்கு இது புரியாத தத்துவமா என்ன?

எல்லாமே முதல் முயற்சியில் கைகூடிவிடவில்லை. இதையும் சொல்ல வேண்டும். 1970-களின் நடுவில் அரசு நிதி கொடுத்து தி ஹேக், டில்பர்க் இரண்டு நகரங்களிலும் மாதிரிக்கு ஒவ்வொரு சைக்கிள் பாதை போட்டார்கள். தி ஹேக்கில் "கார் நிறுத்த இடமில்லாவிட்டால் வாடிக்கையாளர் எப்படி வருவார்?" என்று கடைக்காரர்கள் கொதித்தார்கள். பாதைகளில் கூட்டம் வந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், பக்கத்துத் தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள்தான் நிறையப் பேர் இங்கே மாறியிருந்தார்கள். ஊர் முழுக்கச் சைக்கிள் ஓட்டுபவர்கள் பெரிதாகக் கூடவில்லை. ஏன்? ஒரே ஒரு பாதை எங்கே கொண்டு விடும்? அது முடிகிற இடத்தில் மறுபடி லாரி.

இதிலிருந்து பாடம் படித்தது டெல்ஃப்ட். 1980-களில் ஒரு பாதைக்குப் பதிலாக வலையே பின்னியது. ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக ஒரு வலை; பகுதிக்குள் பள்ளிக்கும் கடைக்கும் போக ஒரு வலை; வீட்டு வாசல்வரை இன்னும் சின்ன வலை. விட்டுப்போன இடங்களில் குட்டிப் பாலங்களும் சுரங்கப்பாதைகளும் கட்டினார்கள். எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் பாதை அறுபடக்கூடாது. இன்று நாடு முழுவதும் 30,000 கிலோமீட்டருக்கு மேல் தனிச் சைக்கிள் பாதை இருக்கிறது என்றால், அது இப்படித் தெருத் தெருவாகச் சேர்ந்தது.

பலன்? 1971-இல் 400க்கு மேல் இருந்த குழந்தைச் சாவு, 2010 வாக்கில் ஆண்டுக்கு இருபதுக்கும் கீழே வந்துவிட்டது. இத்தனைக்கும் அந்த நாட்டில் கார் குறையவில்லை. இன்று 80 லட்சம் கார்களுக்கு மேல் ஓடுகின்றன. காரை ஒழிக்கவில்லை, கார் போகும் இடத்தை ஒழுங்கு செய்தார்கள்.

சட்டமும் மாறியது. 14 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை நடந்தோ சைக்கிளிலோ போகும்போது மோட்டார் வாகனம் மோதினால், குழந்தை வேண்டுமென்றே வந்து விழுந்ததாக நிரூபிக்காத வரை, இழப்பீடு முழுவதும் வாகனக்காரர் பொறுப்பு. "புள்ள குறுக்கே ஓடி வந்துட்டான்" என்பது சாக்காகாது. குழந்தை என்றால் குறுக்கே ஓடத்தான் செய்யும் என்பதை அந்தச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது.

"அது பணக்கார நாடு, குளிர் தேசம், நமக்கு ஒத்துவராது" என்று இதற்குள் யாராவது கமெண்ட் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருப்பீர்கள். இருங்கள். தென் அமெரிக்காவுக்குப் போவோம்.

பிரேசிலில் குரிடிபா நகரம். ஜைமி லெர்னர் என்ற கட்டடக் கலைஞர் 1971-இல் மேயர் ஆனார். ஊரின் முக்கியக் கடைத்தெருவை நடப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்ற நினைத்தார். கடைக்காரர்கள் எதிர்ப்பு. வழக்குப் போடுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று, 1972-இல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வேலையைத் தொடங்கி, 72 மணி நேரத்தில் தரை போட்டு, பூச்செடி வைத்து முடித்துவிட்டார். அடுத்த வாரக் கடைசியில் காரோட்டிகள் கூட்டமாக வந்து உள்ளே ஓட்டப்போவதாக மிரட்டினார்கள். லெர்னர் போலீஸைக் கூப்பிடவில்லை. தெரு நெடுக நீளமான தாளை விரித்து, நூற்றுக்கணக்கான குழந்தைகளை உட்காரவைத்து வண்ணம் தீட்டச் சொன்னார். கார்கள் திரும்பிப் போய்விட்டன. கடைகளில் வியாபாரமும் கூடியது. மெட்ரோ கட்டக் காசில்லாத அந்த ஊர்தான் 1974-இல் பேருந்துக்கென்று தனிப்பாதை ஒதுக்கி ஓட்டி, உலகத்துக்கே வழிகாட்டியது.

கொலம்பியாவின் தலைநகர் போகோட்டா. அதே 1974-இல், சில ஆயிரம் பேர் சைக்கிளோடு பெரிய சாலைகளில் இறங்கி, எங்களுக்கும் இடம் வேண்டும் என்றார்கள். இன்று அங்கே ஞாயிறுதோறும் நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலைகளை மதியம்வரை மோட்டார் வாகனங்களுக்கு மூடிவிடுகிறார்கள். லட்சக்கணக்கான மக்கள் நடக்கிறார்கள், ஓட்டுகிறார்கள், ஆடுகிறார்கள். அது பணக்கார ஊரா?

இனி, நான் பிறகு சொல்கிறேன் என்ற காரணம்.

நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளி ஒரு நெடுஞ்சாலையின் ஓரத்தில். ஊர் ஒரு பக்கம், பள்ளி மறு பக்கம். சாலையை நான்கு வழியாக்கினார்கள். நடுவில் தடுப்பு வைத்தார்கள். திரும்பும் இடம் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி. யார் போவார்கள் அவ்வளவு தூரம்? பிள்ளைகள் சைக்கிளைத் தூக்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வைத்து, தாங்களும் ஏறிக் குதித்துத்தான் பள்ளிக்கு வந்தார்கள்.

ஒவ்வொரு ஆண்டும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லாச் சைக்கிளை நானும் நின்று வழங்கியிருக்கிறேன். அருமையான திட்டம். எத்தனையோ பெண் பிள்ளைகள் படிப்பை விடாமல் தொடர்ந்ததற்கு அந்தச் சைக்கிள்தான் காரணம். வரிசையாகச் சைக்கிள்கள், பிள்ளைகள் முகத்தில் சிரிப்பு, போட்டோ. ஓர் ஆண்டு, அந்தப் போட்டோவில் இருந்த ஒரு பையன் மூன்றாவது மாதம் இல்லை. தடுப்பின் மேல் சைக்கிளைத் தூக்கி வைக்கும்போது லாரி. வேகமாகப் போனவன் இல்லை, கைவிட்டு ஓட்டியவன் இல்லை. நின்றுகொண்டிருந்தவன்.

திங்கட்கிழமை பிரார்த்தனைக் கூட்டத்தில் இரண்டு நிமிட மௌனம். பிறகு நான் பேசினேன். 34 ஆண்டுகளாகப் பேசியதைத்தான் அன்றும் பேசினேன். "சாலையைக் கடக்கும்போது கவனமாக இருங்கள். இரண்டு பக்கமும் பார்த்துக் கடங்கள்."

ஒன்பதாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். "சார், எந்த இடத்துல கடக்கணும்?"

எகத்தாளமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. கடக்க இடமே இல்லாத சாலையில் கவனமாகக் கடக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். மனு கொடுத்தோம், அலைந்தோம். பதில் வரவில்லை. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

பிறகு நெதர்லாந்து கதையைப் படித்தபோதுதான் என் தப்பு எனக்குப் புரிந்தது. அந்த ஊர் வாத்தியார்களும் பிள்ளைகளுக்குச் சாலை விதி சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆரம்பப் பள்ளி முடிக்குமுன் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துத் தேர்வுகூட உண்டு. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. குழந்தை தவறு செய்யும், அந்தத் தவறுக்கு உயிரை விலையாகக் கேட்காத சாலையைப் போடுவது பெரியவர்கள் வேலை என்று முடிவு செய்தார்கள். நாமோ எல்லாப் பாரத்தையும் பத்து வயதுத் தோளில் ஏற்றிவிட்டு, இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கிறோம்.

இந்தியாவில் 2022-இல் மட்டும் சாலையில் இறந்தவர்கள் 1,68,000க்கு மேல். அதில் 18 வயது நிரம்பாதவர்கள் 9,500க்கு மேல். நாள் ஒன்றுக்கு 26 பிள்ளைகள். 400 பேருக்கு அந்த நாடு எழுந்து நின்றது.

இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு சின்ன வேண்டுகோள். ஒருநாள் காலை எட்டரை மணிக்கு உங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் போய் நில்லுங்கள். பிள்ளைகள் எங்கே கடக்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வையுங்கள். அடுத்த கிராம சபையில் தீர்மானமாகக் கொடுங்கள். "சாலைப் பாதுகாப்பு வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். "இந்த இடத்தில் கடக்க வழி வேண்டும்" என்று இடத்தைச் சொல்லி எழுதுங்கள். ஒரு தடவையில் நடக்காது. அங்கேயும் நடக்கவில்லை.

வீடியோ அனுப்பிய தம்பிக்கு: உன் மகளிடம் இந்தக் கதையைச் சொல். அவள் போகிற அந்தச் செங்காவிப் பாதையை, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அவள் வயதுப் பிள்ளைகளும் தெருவில் இறங்கிக் கேட்டார்கள் என்று சொல்.

என் பழைய மாணவி ஒருத்தி, அன்று ஒன்பதாம் வகுப்பு வரிசையில் கையைத் தூக்கியவள், இதைப் படிக்க நேர்ந்தால்: அம்மா, நீ கேட்டதுதான் சரியான கேள்வி. அன்று அதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் ஊர்ப் பள்ளி வாசல் எப்படி இருக்கிறது? கமெண்டில் எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.